பிறர் சார்பில் பேசிய பேரத்தியட்சர்

கென்யா சுதந்திரம் பெற்றது 1963 டிசெம்பர் 12ஆந் திகதி. அந்நாட்டின் அங்கிலிக்கன் திருச்சபைக்கு ஆபிரிக்கர் ஒருவர் பேரத்தியட்சரானது 1970ஆம் ஆண்டில். ஆட்சிபீடத்தினின்றும் வெள்ளையர் இறங்கிய பின்னரும் ஏறத்தாழ ஏழாண்டு காலம் திருச்சபையின் பீடத்தில் வெள்ளையர் ஒருவர் வீற்றிருந்தார். அவர் பெயர் லெனாட் ஜேம்ஸ் பீச்சர். 1906இல் பிறந்து 1987இல் மறைந்த இவர், 1960 தொடக்கம் 1970 வரை கிழக்காபிரிக்கத் திருச்சபை மாகாணத்தை ஆண்டவர். அம்மாகாணத்தின் முதற் பேரத்தியட்சரும் இவரே. கடைசிப் பேரத்தியட்சரும் இவரே.

இத்தகைய மனிதரை எடைபோடுமிடத்து இருவகைச் சோம்பலுக்கு நாம் இடங்கொடுத்துவிடலாகாது. பக்தர்கள் எழுதும் வரலாறுகள் அவரைக் கருணையின் உருவாகக் காட்டும். கோபத்தோடு எழுதப்படும் துண்டுப்பிரசுரங்கள், ஏகாதிபத்தியத்தின் அங்கி தரித்த ஏவலாளர் என்று ஒரே வாக்கியத்தில் அவரை முடித்துவிடும். முன்னது சரித்திரமன்று என்பதை நம் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பின்னதும் சரித்திரமன்று என்பதையே சற்று அழுத்திக் கூறவேண்டியிருக்கிறது. பீச்சர் ஏவலாளர் அல்லர். அவர் கற்றவர், மக்களின் மொழியை அறிந்தவர், கொடுமையைக் கண்டபோது மனம் பதைத்தவர். இத்துணை நற்குணங்களும் உள்ள ஒருவர், ஒரு மக்களினத்தின் விடுதலை வேளையில், அம்மக்களுக்கு எதிர்ப்புறத்தில் போய் நின்றது எங்ஙனம் என்பதே ஆராயத்தக்க வினா.

1927இல் பீச்சர் கென்யாவுக்கு வந்தது ஆசிரியராகவேயாம். புரட்டஸ்தாந்து மிஷன்கள் கூடி நைரோபிக்கு அண்மையிலுள்ள கிக்கூயு என்னுமிடத்தில் அதற்கு முந்திய ஆண்டில் நிறுவிய அலையன்ஸ் உயர்தரப் பாடசாலையில் அவர் கற்பித்தார். பின்னர் குருப்பட்டம் பெற்றுச் சேர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியரானார். (யாழ்ப்பாணத்தில் சென் ஜோன்ஸ் கல்லூரியை நிறுவிய சங்கமும் இதுவே. ஆகவே அச்சங்கத்தின் போதனாமுறை நம்மிற் பலருக்கு முற்றிலும் புதியதன்று.) 1930இல் அவர் மணந்தது கிளாடிஸ் லீக்கியை. கிக்கூயு மக்கள் நடுவே நெடுங்காலம் ஊழியஞ்செய்த மிஷனரி ஒருவரின் மகள் அவர். மானிடவியலாளர் லூயிஸ் லீக்கியின் சகோதரி. கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்து கிக்கூயு–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தனர்.

ஒரு மொழிக்கு அகராதி செய்வது சாமானியமான காரியமன்று. அம்மொழி பேசுவோரின் திண்ணைகளிலும் வயல்களிலும் காதைத் தீட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்க வேண்டும். பீச்சர் அவ்வாறு அமர்ந்திருந்தவர். எனினும் சொல்லை அறிவது வேறு, சொல்லுகிறவனின் உரிமையை அறிவது வேறு. கிக்கூயு மொழியிலே மிஷனைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்கு ‘அத்தோமி’ என்று ஒரு பெயர் உண்டு. அதன் பொருள் ‘வாசிப்போர்’ என்பது. ஞானஸ்நானம் பெற்றவனும் எழுத்தறிந்தவனும் ஒரே பெயரால் வழங்கப்பட்டனர். மிஷன் வாயிலைத் தாண்டாமல் எழுத்தை எட்டமுடியாது என்ற சமூக உண்மையை இந்த ஒரு சொல் தன்னகத்தே அடக்கி வைத்திருக்கிறது. பின்னர் நிகழ்ந்த போராட்டத்தின் ஒரு பாதி, இவ்விரு பொருளையும் பிரித்தெடுப்பதற்கு அம்மக்கள் செய்த முயற்சியேயாகும்.

பீச்சர் வகித்த பதவிகளுள் ஒன்று சட்டநிரூபண சபையிலே ‘ஆபிரிக்கரின் நலன்களைப்’ பிரதிநிதித்துவம் செய்யும் நியமன அங்கத்தவர் பதவி. 1924இல் ஸ்கொட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜோன் ஆதர் இவ்வாசனத்தில் அமர்த்தப்பட்டது முதல், ஆபிரிக்கருக்காகப் பேசும் பொறுப்பு வெள்ளையரிடமே, அதிலும் மிஷனரிமாரிடமே, பெரிதும் விடப்பட்டிருந்தது. 1943இல் பீச்சர் அதில் அமர்ந்தார். 1944இல் எலியுட் மாத்து சபையின் முதலாவது ஆபிரிக்க அங்கத்தவரானார். 1947இல் பீச்சர் விலக, இரண்டாவது ஆபிரிக்கராக ஓஹாங்கா வந்தார். சபையிலே பீச்சர் நேர்மையாகவே பேசினார் எனக் கொள்வதில் நமக்குத் தடையில்லை. ஆனால் பிறர் சார்பில் பேசும் பழக்கம் ஒருவித மயக்கத்தைத் தருவது. நெடுநாள் அவ்வாறு பேசியவனுக்கு, யாருக்காகப் பேசுகிறானோ அவர்களே எழுந்து வேறுவிதமாகப் பேசும்போது, அது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும். சில வேளைகளில் பித்தாகவும் தோன்றும்.

1929ஆம் ஆண்டில் அப்படியொரு எழுச்சி நிகழ்ந்தது. பெண்களுக்குச் செய்யப்படும் விருத்தசேதனச் சடங்கை மிஷன்கள் கண்டித்தன. அச்சடங்கைக் கைவிடுவதாக உறுதிமொழி தராத ஆசிரியரும் பெற்றோரும் மிஷன் பாடசாலைகளை விட்டு வெளியேற நேர்ந்தது. இவ்விடயத்தில் நாம் மழுப்பிப் பேசுவது தகாது. அச்சடங்கு பெண்ணின் உடலுக்கும் உயிருக்கும் கேடு விளைப்பது. சுதந்திர கென்யாவே 2011இல் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. மிஷன்கள் கூறியது உண்மை. ஆனால் அவ்வுண்மையைக் கூறியவர்கள், கிக்கூயு மக்களின் நிலத்தைப் பறித்த ஆட்சியின் நிழலில் நின்றுகொண்டு, பிள்ளையின் படிப்பைப் பணயமாக வைத்துக் கூறினார்கள். நிலமும் போய்ப் பாடசாலையும் போகும் என்ற நிலையில், சீர்திருத்தமும் பறிப்பும் மக்களின் கண்ணுக்கு ஒன்றாகவே பட்டன. பெண்ணின் உடலைப் பற்றிய நியாயமான பேச்சு இதனாற் பல தலைமுறைகள் பின்னடைந்தது.

வெளியேறியவர்கள் வாளாவிருக்கவில்லை. தாமே பாடசாலைகளைக் கட்டினார்கள். கிக்கூயு சுதந்திரப் பாடசாலைச் சங்கம் என்றும், கரிங்கா கல்விச் சங்கம் என்றும் இரு அமைப்புகள் தோன்றின. ஊரார் காசு சேர்த்து, மண் சுமந்து, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து, நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை நடத்தினர். ஆசிரியரை உருவாக்குவதற்கென 1939இல் ம்பியு கொய்னாங்கே கித்துங்குரியில் ஒரு கலாசாலையை நிறுவினார். ஒரே பருவத்தில் சடங்கு பெற்றவர்களாகிய ஒவ்வொரு வயதுக் குழுவும் அதற்கென நிதி திரட்டிற்று. பழைய சமுதாய உறுப்பு ஒன்று புதிய தேவைக்குப் பணிசெய்த இந்நிகழ்ச்சி, வழக்கங்களை முற்போக்கு, பிற்போக்கு என்று அவசரமாகப் பங்கிடுவோர் நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று. 1946இல் நாடு திரும்பிய ஜோமோ கென்யாட்டா பின்னர் அக்கலாசாலையின் அதிபரானார்.

இவ்வேளையிலேதான் பீச்சரின் பெயரை நிலைக்கச் செய்த அறிக்கை வெளியாயிற்று. ஆபிரிக்கர் கல்வியின் பரப்பு, உள்ளடக்கம், நிர்வாகம், நிதி ஆகியவற்றை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைவர். 1949இல் அறிக்கை வந்தது. 1950இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அவரது பிரசங்கங்களை மறந்தாலும் இவ்வறிக்கையை மறக்க முடியாது. ஒரு பரம்பரையின் வாழ்வை இதுவே வகுத்தது.

நாலாண்டு ஆரம்பக் கல்வி, அதன்மேல் நாலாண்டு இடைநிலை, அதற்கும்மேல் நாலாண்டு உயர்நிலை என்பது அறிக்கையின் அமைப்பு. ஒவ்வொரு படியின் ஈற்றிலும் ஒரு பரீட்சை. நாலாம் வகுப்போடு பெருந்தொகையான பிள்ளைகள் நின்றுவிடுவர் என்பது இத்திட்டத்தின் எதிர்பாராத விளைவன்று, அதன் அத்திவாரமேயாம். கல்விக்குக் கிறிஸ்தவ ஒழுக்கமே அடிப்படையாக வேண்டும் என்றும், பாடசாலைகளை மேற்பார்வை செய்வதில் மிஷன்களுக்கு உரிய இடம் இருக்கவேண்டும் என்றும், கைத்தொழிலுக்கும் கமத்துக்கும் முக்கியத்துவம் தரவேண்டும் என்றும் குழு கருதிற்று. பயிற்றப்படாத ஆசிரியர்களின் கையில் பள்ளிகள் பெருகுவது ஆபத்து என்பதும் அதன் கவலை.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் காட்டலாம். பணம் குறைவு, பயிற்றப்பட்ட ஆசிரியர் குறைவு, தரத்தைக் காக்கவேண்டும். நிர்வாகத்தில் இருந்த எவரும் இவற்றைக் கூறியிருப்பர். ஆனால் ஐரோப்பியர் பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமாயிருந்த அதே நாட்டில், ஆபிரிக்கப் பிள்ளைக்கு மட்டும் பத்து வயதளவிலே சல்லடை வைக்கப்பட்டது ஏன்? வெள்ளையரின் தோட்டத்திலே களை பிடுங்குவதற்கு நாலாம் வகுப்பு போதும் என்று அறிக்கை எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. குடியேற்றப் பொருளாதாரம் வேண்டிநின்ற எண்ணிக்கையும் குழு கண்ட எண்ணிக்கையும் தாமாகவே ஒத்துப்போயின. வகுப்பறையில் நின்று பழகிய வாசகர் எவரும் இதனை நன்கு உணர்வர். வடிகட்டும் பரீட்சை திறமையை அளப்பதாகக் கூறிக்கொண்டே இடங்களின் தொகையைத்தான் அளக்கிறது.

தம் கையாற் கட்டிய பள்ளிகள் மீது மேற்பார்வை வருவதைச் சுதந்திரப் பாடசாலையார் எதிர்த்தனர். கென்யா ஆபிரிக்க ஐக்கிய சங்கமும் எதிர்த்தது. பீச்சர் இதிற் கண்டது அரசியல்வாதிகளின் தூண்டுதலை. மக்கள் கண்டது, வாசிக்கும் உரிமைக்கு மீண்டும் மிஷனரி வாயிற்காவல் நிற்பதை. ‘அத்தோமி’ என்ற பழைய சொல்லை அறிந்தவரான அகராதிக்காரருக்கு இது விளங்காமற் போனது வியப்பே.

1952 ஒக்டோபர் 20ஆந் திகதி கென்யாவில் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கென்யாட்டா கைதானார். சுதந்திரப் பாடசாலைகள் மூடப்பட்டன. சில, அரசாங்கத்தின் கல்விச் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டன. கித்துங்குரிக் கலாசாலையும் மூடப்பட்டது. பின்னர் அவ்விடத்திலே தூக்குமரம் நாட்டப்பட்டு மௌ மௌ கைதிகள் தூக்கிலிடப்பட்டனர். ஆசிரியர்களை உருவாக்க ஊரார் காசு சேர்த்துக் கட்டிய இடம் அது. அவசரகாலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டதாக வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். பத்து இலட்சத்துக்கும் மேலான கிக்கூயு மக்கள் வேலியிட்ட கிராமங்களுக்குள் பலவந்தமாகக் குடியமர்த்தப்பட்டனர்.

பீச்சர் மொம்பாசாவின் அத்தியட்சரானது இச்சூழலில், 1953இல். அவர் எதிர்நோக்கிய நிலை எளிதன்று. மௌ மௌ சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்த கிக்கூயுக் கிறிஸ்தவர் பலர் கொல்லப்பட்டனர். அவர்களுள் மறுமலர்ச்சி இயக்கத்தினர் சத்தியத்தையும் ஏற்கவில்லை, அரசாங்கம் நீட்டிய துப்பாக்கியையும் ஏற்கவில்லை. இருதரப்பின் சந்தேகத்துக்கும் ஆளான அவ்வெளிய மனிதரின் மனவுறுதியை நாம் தலைவணங்கி ஏற்றுக்கொள்ள வேண்டும். அது திருச்சபைத் தலைமையின் சொத்தன்று. 1954இல் பீச்சரின் மனைவியின் குடும்பத்தைச் சேர்ந்த கிரே லீக்கியும் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அத்தியட்சர் மௌ மௌ இயக்கத்தைக் கண்டித்தது வெறும் கட்டளையை நிறைவேற்றியதன்று என்பதை இவை காட்டும்.

ஆனால் மறுபக்கத்தின் கொடுமையும் அவருக்குத் தெரிந்திருந்தது. சேர்ச் மிஷனரி சங்கத்தின் ஆபிரிக்கச் செயலாளர் பியூஸ் 1953 தொடக்கத்தில் கென்யாவுக்கு வந்து, பொலிசார் கைதிகளை வதைப்பதைக் கேட்டறிந்து தேசாதிபதி பேரிங்கிடம் முறையிட்டார். பீச்சரும் ஏனைய திருச்சபைத் தலைவர்களும் தேசாதிபதியிடம் தனிப்பட முறையிட்டனர். 1954 இறுதியில், தம் விசாரணைகளுக்கு அரசாங்கம் இடங்கொடாத காரணத்தால், பொலிஸ் ஆணையாளர் ஆதர் யங் பதவி துறந்தார். அதன் பின்னரே, 1955இல், சங்கம் லண்டனில் ஒரு பிரசுரத்தை வெளியிட்டுப் பகிரங்கமாகப் பேசியது. இரண்டாண்டு காலம் உண்மை தேசாதிபதியின் வரவேற்பறைக்குள்ளே அடைபட்டுக் கிடந்தது. மௌ மௌவைக் கண்டிப்பதற்குப் பிரசங்கபீடம், அரசாங்கத்தைக் கண்டிப்பதற்குத் தனியறை என்ற இப்பங்கீடு எதிலிருந்து பிறந்தது? பயத்திலிருந்தன்று. தேசாதிபதியும் அத்தியட்சரும் ஒரே மேசையில் அமர்ந்து, இல்லாத மூன்றாமவரின் நலத்தைப் பற்றிக் கலந்துரையாடும் பழைய சட்டநிரூபண சபை வழக்கத்திலிருந்து பிறந்தது. மூன்றாமவரோ அவ்வேளை முள்வேலிக்குள் இருந்தார்.

அம்முள்வேலிக்குள்ளும் திருச்சபை புகுந்தது. தடுப்பு முகாம்களில் ‘புனர்வாழ்வு’ என்ற பெயரில் நடத்தப்பட்ட முறையிலே கைதி தன் சத்தியத்தை அறிக்கையிட்டால்தான் விடுதலைப் பாதையில் ஒருபடி ஏறலாம். பாவத்தை அறிக்கையிடல் என்பது கிறிஸ்தவனுக்கும் கடவுளுக்கும் இடைப்பட்ட காரியம். அதனை விசாரணை அதிகாரியும் கேட்டான், குருவானவரும் கேட்டார். ஒரே சொல், ஒரே முகாம். கைதி எவரிடம் பேசுகிறான் என்பதை அவன் எங்ஙனம் பிரித்தறிவான்? 1959 மார்ச் 3ஆந் திகதி ஹோலா முகாமில் பதினொரு கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டபோதுதான் இம்முறையின் உட்புறம் உலகுக்கு முழுமையாகத் தெரிந்தது.

பீச்சர் கற்பித்த அலையன்ஸ் பாடசாலைக்கே 1955இல் ஒரு சிறுவன் மாணவனாக வந்தான். முன்னர் கரிங்காப் பள்ளியொன்றிற் படித்தவன். முதலாம் தவணை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. ஊர் தகர்க்கப்பட்டு, மக்கள் வேலியிட்ட கிராமத்துக்கு மாற்றப்பட்டிருந்தனர். அச்சிறுவனே பிற்காலத்தில் உலகறிந்த எழுத்தாளரான கூகி வா தியாங்கோ, 2025இல் காலமானவர். சல்லடையின் மேற்புறத்தில் தங்கிய வெகுசிலருள் ஒருவர் அவர் என்பதை மனங்கொண்டே அவர் நாவல்களை நாம் வாசிக்கவேண்டும்.

1965இல் வெளிவந்த ‘த ரிவர் பிட்வீன்’ என்ற நாவல் பீச்சரை எங்கும் குறிப்பிடுவதில்லை. எனினும் அறிக்கைக்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த மறுமொழி அதுவென்பது நம் கருத்து. வையாக்கி என்னும் இளைஞன் மிஷன் பாடசாலையிற் படித்து, சடங்குச் சச்சரவில் வெளியேற்றப்பட்டு, தன் மலைமுகட்டிலே பள்ளிகளைக் கட்டுகிறான். மதம் மாறிய யோசுவாவின் மகள் முத்தோனி, கிறிஸ்தவளாகவும் தன் குலத்துப் பெண்ணாகவும் ஒருங்கே வாழவிரும்பி, சடங்கை ஏற்று, அதனாலேயே இறந்துபோகிறாள். அவள் மரணத்தை மிஷனும் பயன்படுத்துகிறது, எதிர்ப்பக்கமும் பயன்படுத்துகிறது. அவள் விரும்பியது என்ன என்று கேட்பார் இல்லை. பிறர் சார்பில் பேசுவது வெள்ளையரின் தனியுரிமையன்று என்பதை இவ்வாறு காட்டிய ஆசிரியரின் நேர்மை பாராட்டுக்குரியது. வையாக்கியின் வீழ்ச்சியும் அவ்வாறே. கல்வி, கல்வி என்று அலைந்த அவன், நிலத்தைப் பற்றி மக்கள் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லக் காலந்தாழ்த்திவிட்டான். கதைத்தலைவனை மீட்பனாக உயர்த்தும் சில பகுதிகளில் நாவல் தளர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தும் பள்ளிக்கூடத்தால் மட்டும் விடுதலை வராது என்று, பள்ளிக்கூடத்தை நேசித்த ஒருவர் எழுதியது சிறிய காரியமன்று.

பீச்சரிடம் திரும்புவோம். ஆபிரிக்கரைத் தலைமைக்கு உயர்த்துவதை அவர் எதிர்த்தார் எனக் கூறுவது பிழை. 1955 மே 15ஆந் திகதி உகண்டாவின் நமிரெம்பேயில் கந்தபரி பேரத்தியட்சர் பிஷர் நான்கு ஆபிரிக்கரை அத்தியட்சர்களாக அபிஷேகம் செய்தபோது, கென்யாவைச் சேர்ந்த பெஸ்ரோ ஒலாங், ஒபதியா கரியுக்கி இருவரும் அவர்களுள் இருந்தனர். இருவரும் பீச்சருக்குத் துணை அத்தியட்சர்கள். 1961இல் தனித்தனி மேற்றிராசனங்களைப் பெற்றனர். கரியுக்கி கென்யாட்டாவின் மைத்துனர் முறையினர். சிறையிலிருந்த தலைவனுக்கும் சபைக்குமிடையே ஓர் இழை அறாதிருந்தது அவராலேயே. ஆயினும் அயல்நாடாகிய உகண்டாவில் எரிக்கா சபிற்றி 1966இல் பேரத்தியட்சரானார். கென்யா 1970 வரை காத்திருந்தது. ஒவ்வொருவரையும் சோதித்து, பக்குவம் பார்த்து, படிப்படியாக உயர்த்தும் முறை இது. நாலாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பரீட்சை வைத்தவரின் கைவண்ணம் திருச்சபையிலும் தெரிகிறது.

இக்குறையை அவர் ஒருவர் தலையிலே சுமத்துவதும் நியாயமன்று. 1963 ஓகஸ்டில் நகுரு நகரிலே வெள்ளைக் குடியேறிகளைக் கூட்டி, பழையதை மறந்து மன்னிப்போம் என்று உறுதிகூறியவர் கென்யாட்டாவேயாம். கமத்தொழில் மந்திரியாக வெள்ளையர் ஒருவரையே அவர் வைத்துக்கொண்டார். பறிக்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியைக் கடன்பட்டு விலைகொடுத்து வாங்கினார்கள் கென்ய மக்கள். காட்டிலிருந்து வெளியே வந்த போராளிகளுட் பலருக்குக் கையளவு மண்ணும் கிட்டவில்லை. புதிய ஆளும் வர்க்கத்துக்கு மறதி வேண்டியிருந்தது. திருச்சபை அதற்கு மன்னிப்பு என்ற திருநாமம் சூட்டிற்று. மன்னிப்பு உயர்ந்த பொருள்தான். ஆனால் தீங்கு செய்தவன் தன் கோப்புகளை மூட்டைகட்டிக் கப்பலேற்றியபின், தீங்குண்டவனிடம் மட்டும் மன்னிக்கச் சொல்வது எவ்வகை ஒப்புரவு? லண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு மறைக்கப்பட்டிருந்த அக்கோப்புகள் 2011இல் வெளிப்பட்டன. 2013 ஜூன் மாதத்திலே பிரித்தானிய அரசாங்கம் வதையுண்டோர் 5,228 பேருக்கு 1 கோடியே 99 இலட்சம் பவுண் தீர்வுத்தொகையாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. வழக்காடியவர்கள் முதுமையடைந்த கென்ய ஆண்களும் பெண்களும். தமக்கு நேர்ந்ததைத் தாமே நீதிமன்றத்திற் கூறினார்கள்.

1970ஆம் ஆண்டில் நைரோபியில் பிரஸ்பிற்றேரியன் திருச்சபையின் பேரவைக்கு உரையாற்ற அழைக்கப்பட்ட கூகி, தாம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர் என்று தொடக்கத்திலேயே கூறிவிட்டு, கென்யாவிற் கிறிஸ்தவம் ஆட்சியோடு கைகோத்து நடந்த வரலாற்றை அவர்கள் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தார். கூட்டத்திலிருந்த முதியவர் ஒருவர் கைத்தடியை ஆட்டிக்கொண்டு எழுந்து, ஜேம்ஸ் என்ற கிறிஸ்தவப் பெயரை வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா என்று அதட்டினாராம். கூகி யோசித்தார். முதியவர் கேட்டது சரியென்று கண்டு, அப்பெயரைக் கைவிட்டார். அதே ஆண்டிலே பீச்சரும் தம் ஆசனத்தைவிட்டு இறங்கினார். பெஸ்ரோ ஒலாங் கென்யாவின் பேரத்தியட்சரானார்.